கொறம்பைப் பிரிச்ச தைப்பூசம்

காலை நல்லா நீட்டிக்கங்க சார். அது வெறும் சாக்கு, மிதிச்சா ஒண்ணும் ஆவாது. ஜிப்சம் வாங்கப் போறேன். வீட்டுக்கு சீலிங் அடிக்கற ஜிப்சம் இல்ல சார், வயலுக்குப் போடறது. கடல் தண்ணி ஏறுன மண்ணுல அதைத் தூவி, நல்ல தண்ணி விட்டு அலசி அலசி விட்டா மண்ணு பழையபடி திரும்புமாம். திரும்புமான்னு எனக்குச் சந்தேகம்தான். ஆனா எங்க அக்கா வாங்கிட்டு வரச் சொல்லிடுச்சு. சொல்லிடுச்சுன்னா என்கிட்ட சொல்லல. சாக்கை மடிச்சு வாசப்படியில வெச்சுட்டு, செவுத்தைப் பாத்து "ஜிப்சம்"னு சொன்னுச்சு. செவுரு பஸ் ஏறிப் போவாதுல்ல, அதான் நான் கெளம்புனேன்.

நீங்க எது வரைக்கும்? திருவாரூரா. தையல் மிஷின் ரிப்பேரா, நல்ல தொழில். நான் திருத்துறைப்பூண்டியில எறங்கிக்குவேன். முன்னெல்லாம் ஒரு மணி நேரம் சார். புது ரோடு போட்டாங்க, இப்ப ஒன்றரை மணி நேரம்.

உப்பு எப்படி ஏறுச்சுன்னா கேக்கறீங்க? அதுக்கு ஒரு மேடம் காரணம். மெட்ராஸ்லேருந்து வந்தாங்க, பேரு வசுதா. நான் யார் மேலயும் சும்மா பழி போடற ஆளு இல்ல சார். நடந்ததை அப்படியே சொல்றேன், நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

எங்க ஊரு ஓடக்கரைமேடு. சுத்தமான கடைமடை. மேட்டூர்ல தெறந்த தண்ணி எல்லா ஊருலயும் நின்னு நிதானமா விருந்து சாப்ட்டுட்டு, கடைசியா எங்க ஊருக்கு வரும். வந்தா வரும். ஆனா இந்தப் பக்கத்துலேருந்து கடல் தண்ணி வரும் பாருங்க, அது ஒரு நாள் தவறாது. அதுக்கு யாரும் முறை வைக்க வேண்டியதில்ல, மனு குடுக்க வேண்டியதில்ல. அந்தத் தண்ணி ஆத்துல ஏறாம இருக்கத்தான் ஒரு கதவணை இருக்கு. இரும்பு ஷட்டரு. கடல் பொங்கி ஏர்ற ஏத்தத்துக்கு முன்னாடி எறக்கி விடணும், அவ்வளவுதான் வேலை.

பழைய கதவணை துருப்புடிச்சு இத்துப்போச்சு. அப்புறம் புதுசு கட்டுனாங்க. கட்டி முடிச்சு ஒரு போர்டு வெச்சாங்க பாருங்க, கதவணையை விட போர்டு பெருசு. பருவநிலை மாற்றத் தகவமைப்புத் திட்டம்னு போட்டிருந்துச்சு. எங்க ஊர்ல அதைப் பாதி பேரு படிச்சு முடிக்கறதுக்குள்ள வெயில்ல எழுத்து வெளுத்துப் போச்சு. ஷட்டரு எறங்கும் சார், நான் இல்லைன்னு சொல்லல. எறங்கும், ஆனா தரையில ஒக்காராது. அடியில சந்து. ஒரு நாய் குட்டியோட உள்ள போயிட்டு வரலாம்.

அதனால என்ன பண்ணுவோம், வருஷா வருஷம் மழை ஓஞ்சதும் ஷட்டருக்கு உள் பக்கமா கொறம்பு போடுவோம். மூங்கிக் கழிய ஆத்துக்குக் குறுக்க வரிசையா அடிச்சு, தென்னமட்டை, வைக்கப்புரி, களிமண்ணு எல்லாம் வெச்சு மிதிச்சு ஒரு தடுப்பு. வீட்டுக்கு ஒரு ஆளு வரணும்னு கட்டு. எங்க வீட்லேருந்து அக்கா போவும். அத்தான் திருப்பூர்ல சாயப்பட்டறையில இருக்காரு. எனக்கு முதுகு வலி. நெஜ வலி சார், கொறம்பு சீசன்ல மட்டும்தான் வரும்.

சிரிக்காதீங்க. நான் படிச்சவன். சிவில் இன்ஜினியரிங் மூணு வருஷம். நாலாவது வருஷம் போவல. அரியர் இருந்துச்சு, அது வேற விஷயம். எனக்குப் பேப்பர் திருத்தறவன் மேல சந்தேகம். நான் எழுதுன பதிலை அவன் படிக்கவே இல்லைன்னு எனக்குத் தோணிடுச்சு. தோணுனதுக்கு அப்புறம் எப்படி சார் போயி ஒக்காந்து எழுதறது? அக்காதான் ஃபீஸ் கட்டுச்சு. இருக்கறது ஆறு மா, ரெண்டு ஏக்கர் நெலம், அதுல வெளைஞ்சதுலதான் கட்டுச்சு. அந்த ஆறு மாவும் கதவணையத் தாண்டுனதும் மொத நெலம். கரை வேற அங்க தாழ்வு. அதை மனசுல வெச்சுக்கங்க.

இப்ப தை மாசம் ஒரு சேதி வருது. கிளைமேட்டுக்குன்னு அரசாங்கம் திட்டம் போட்டுச் செலவு பண்ண பணத்தையெல்லாம் ஆய்வு பண்றாங்க, நம்ம கதவணையும் அதுல இருக்கு, ஒரு மேடம் வந்து பாப்பாங்கன்னு. பிளான் போட்டப்ப யாரைக் கேட்டாங்க, பணம் சொன்ன வேலைக்குத்தான் போச்சா, கட்டுனது வேலை செய்யுதா, இதான் கேள்வியாம்.

எங்க ஊருக்கு ஒரு பழக்கம் இருக்கு சார். வெளியாளு யாராவது ஊரைப் பாக்க வந்தா, பொண்ணு பாக்க வர்ற மாதிரி ஆயிடுவோம். தெருவுக்கு பிளீச்சிங் பவுடர் கோடு போடறது, ஆட்டையெல்லாம் கொல்லைப்பக்கம் கட்டறது, பைத்தியம் மாதிரி பேசற ஆளைச் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பறது. வந்தவன் கரண்ட் கம்பத்தை எண்ண வந்திருந்தாக்கூட இதெல்லாம் நடக்கும்.

ரேஷன் கடை வாசல்ல கூட்டம். கலியபெருமாள் மாமாதான் ஊருக்குப் பெரியவரு. எனக்கு ஒண்ணுவிட்ட மாமா. "மாப்ள, நீ சிவில் படிச்சவன், நீ சொல்லு. இந்த ஆய்வுல என்ன பாப்பாங்க?"ன்னு கேட்டாரு. வாழ்க்கையில மொத தடவை என்னைப் படிச்சவன்னு ஒருத்தர் சொல்றாரு. விடுவனா?

நான் சொன்னேன். "மாமா, இவங்க பாக்க வர்றது ஷட்டரை இல்ல, கொறம்பை. அதைப் பாத்தாங்கன்னா என்ன எழுதுவாங்க? 'இந்த ஊரு மக்கள் அவங்களே வைக்கோலை வெச்சு சமாளிச்சுக்கறாங்க, இவங்களுக்கு எதுக்குக் காசு'ன்னு எழுதுவாங்க. அடுத்த கட்டத்துல கரையை ஒசத்தி, அது மேல ரோடு போடறதா இருக்குல்ல, அது அம்போ. அது மட்டுமில்ல, ஆத்துல குறுக்க தடுப்பு போட்டதுக்கு நம்ம மேலயே கேஸு."

கேஸுன்னு சொன்னதும் எல்லாரும் சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டாங்க.

"அப்ப என்ன மாப்ள பண்றது?"

"காலை ஏத்தம் வத்துனதும் கொறம்பைப் பிரிச்சிடுவோம். மேடம் பதினோரு மணிக்கு வருவாங்க, பாப்பாங்க, போவாங்க. சாயந்தரம் ஏத்தம் ஏர்றதுக்குள்ள திரும்பப் போட்டுடுவோம். கழி, மட்டை எல்லாம் கையிலயே இருக்கு."

எங்க அக்கா பேரு தையல்நாயகி. கூட்டத்துல பொம்பளைங்க பக்கத்துலேருந்து எந்திரிச்சுது. "அதைத் தொடாதீங்க. தாளடி நெல்லு பால் புடிக்கற நேரம். வர்றவங்க பாக்கத்தானே வர்றாங்க, பாத்துட்டுப் போவட்டும்"னுச்சு.

"வர்றவங்க கண்ணுல கிழிசலைக் காட்டுவியா தையலு?"ன்னாரு மாமா.

"கிழிசலைக் காட்டாம தையக்காரன்கிட்ட என்ன மாமா காட்டறது?"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுதான் எனக்குக் கோவம். எங்க வீட்டுல ஜோக்கு அடிக்கற ஆளு நானு. "அக்கா, உனக்கு இந்த ஆய்வு பத்தி என்ன தெரியும், நீ ஒக்காரு"ன்னேன். ஒக்காந்துடுச்சு. அவ்வளவுதான் சார், நான் ஒரு ஐடியாதான் குடுத்தேன். பிரிச்சது ஊரு.

மேடத்தைக் கூட்டிட்டு வர்ற பொறுப்பு என்கிட்ட. பைக்கை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நின்னேன். ஜீப்பு வரும், பின்னாடி டிபார்ட்மெண்ட் காரு வரும்னு பாத்துக்கிட்டிருக்கேன், டவுன் பஸ்ஸுலேருந்து முதுகுல பையோட ஒரு அம்மா எறங்குது. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். காலுல ரப்பர் செருப்பு. "நீங்கதானே செழியன்?"ங்கறாங்க. என் பேரு இளஞ்செழியன். பேரு எப்படித் தெரியும்னு அப்பவே எனக்கு ஒரு இது. மாமா சொல்லியிருக்காரு, சரி. ஆனா அரசாங்கம் செலவு பண்ண அத்தனை பணத்தையும் ஆராயற ஆளு எதுக்கு டவுன் பஸ்ல வரணும்? சொல்லுங்க. நெஜமான ஆபீசரு என்னைக்காவது பஸ்ல வந்து பாத்திருக்கீங்களா?

அதனால நேரா கதவணைக்குக் கூட்டிட்டுப் போவல. முதல்ல ஆளு யாருன்னு பாத்துடுவோம்னு ஊரைச் சுத்துனேன். பள்ளிக்கூடத்தைக் காட்டுனேன். நட்டு வெச்ச பனங்கன்னைக் காட்டுனேன், அதுல பாதி மாடு தின்னுட்டு மீதி காய்ஞ்சு நிக்குது. மேடம் குனிஞ்சு ஒண்ணொண்ணையும் தொட்டுப் பாத்தாங்க. அப்புறம் ஊராட்சி ஆபீஸுல புதுசா மாட்டுன எல்.இ.டி. பல்பைக் காட்டுனேன்.

"இதுவும் கிளைமேட் கணக்குலதான் வருது, தெரியுமா?"ன்னாங்க.

"பல்பா மேடம்?"

"சில எடத்துல பழைய வேலைக்கே புதுப் பேரு வெச்சு எழுதிடறாங்க. கல்வெர்ட்டு கட்டுனா கிளைமேட், சாக்கடைக்கு மூடி போட்டா கிளைமேட். எது நெஜமா மக்களைக் காப்பாத்துது, எது பேருக்கு இருக்குன்னு பிரிச்சுப் பாக்கறதுதான் என் வேலை."

"எங்க மாமா போன வருஷம் பல்லு கட்டுனாரு மேடம், அதையும் சேத்துக்கலாமா? வெயில் காலத்துல கூசுதுங்கறாரு"ன்னேன்.

சிரிச்சாங்க சார். வாய் விட்டுச் சிரிச்சாங்க. அது இன்னும் சந்தேகம். என் ஜோக்குக்கு எங்க ஊருல ஒருத்தரும் இப்ப சிரிக்கறதில்ல. சும்மா ஒருத்தங்க சிரிப்பாங்களா?

மாமா வீட்டுல நாட்டுக்கோழி அடிச்சு வெச்சிருந்தாங்க. "மன்னிச்சுக்கங்க, ஆய்வுக்கு வர்ற ஊர்ல சாப்பிடறதில்ல"ன்னு சொல்லிட்டு, பையிலேருந்து டப்பாவை எடுத்துத் தயிர்சாதம் சாப்ட்டாங்க. மாமா என் காதுல, "மாப்ள, கோழியை வேணாங்கறவ பெரிசா எதுக்கோ அடி போடறா"ன்னாரு. எனக்கும் அதே நெனப்புதான். கை நீட்டற ஆளுன்னா ஒரு நிம்மதி சார், என்ன வேணும்னு தெரிஞ்சுடும். எதுவும் வாங்காதவங்க என்னத்தை வாங்க வந்திருக்காங்கன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?

இப்படியே மணி மூணு ஆச்சு. அப்புறம்தான் கதவணைக்குப் போனோம். கடல் வத்தியிருந்த நேரம். ஷட்டரை எறக்கி, கிரீஸெல்லாம் தடவி, மேல ஒரு மாலை கூடப் போட்டு வெச்சிருந்தாங்க நம்மாளுங்க. தண்ணி சொட்டு வரல. எப்படி வரும், கடலு தாழ இருக்கு. கொறம்பைப் பிரிச்ச கழியெல்லாம் கருவக் காட்டுக்குள்ள படுக்க வெச்சு, பக்கத்துல நம்ம ஆளுங்களும் ஒளிஞ்சு படுத்திருந்தாங்க, மேடம் போனதும் ஓடிவந்து போடறதுக்கு.

மேடம் இங்க நடந்தாங்க, அங்க நடந்தாங்க. அப்புறம் ஆத்துக்குள்ள எறங்கிட்டாங்க சார். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு.

"செழியன், இது என்ன, வரிசையா குழி?"

மூங்கி புடுங்குன குழி. நான் ஒரு நொடி கூட யோசிக்கல. "நண்டு வளை மேடம்."

"இவ்வளவு பெருசாவா?"

"கிளைமேட் மேடம். நண்டெல்லாம் பெருத்துப் போச்சு."

"வரிசையா வளை தோண்டுமா?"

"எங்க ஊரு நண்டு ரொம்ப ஒழுக்கம்."

இந்தத் தடவை சிரிக்கல. என்னையே பாத்தாங்க. "பிளான் போட்டப்ப ஊர்ல யாரையாவது கேட்டாங்களா?"ன்னாங்க. ஒருத்தனையும் கேக்கல சார். ஒரு நாள் லாரி வந்துச்சு, கம்பி எறங்குச்சு, அவ்வளவுதான். ஆனா அதை இவங்ககிட்ட சொன்னா எங்க போயி யாருகிட்ட சொல்லுவாங்களோ. "வீடு வீடா வந்து கேட்டாங்க மேடம், எங்க அக்காகிட்ட ரெண்டு தடவை"ன்னேன்.

"ஏத்தம் எப்ப? ஷட்டர் தண்ணியைத் தாங்கறதை ஒரு தடவை பாக்கணும்."

இதுதான் சார் பொறி. இதைத்தான் நான் காலையிலேருந்து எதிர்பாத்துக்கிட்டிருந்தேன். "ஏத்தமெல்லாம் முடிஞ்சுபோச்சு மேடம், இனிமே நாளைக்குத்தான்"னேன்.

"இன்னைக்குப் பௌர்ணமியாச்சே?"

"அதான் மேடம், பௌர்ணமி அன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டுப் போயிடும்."

மறுபடியும் அதே பார்வை. அப்புறம் கரையேறி, "உங்களுக்கு இங்க வயல் இருக்கா?"ன்னாங்க. "எனக்கு ஏது மேடம் வயலு, நான் ஊர்சுத்தி"ன்னேன். "சரி, எதாவது விட்டுப்போச்சுன்னு தோணுனா கூப்பிடுங்க"ன்னு நம்பர் குடுத்தாங்க. பஸ் ஸ்டாப்புல கொண்டுபோய் விட்டேன்.

இப்ப நீங்க என்ன நெனப்பீங்க, விட்டுட்டுத் திரும்பி வந்திருக்கலாம்ல, வந்திருந்தா கொறம்பு போட நேரம் இருந்திருக்கும்லன்னு. அங்கதான் சார் நீங்களும் ஏமாறுவீங்க. பஸ்ஸு ஏறாம அப்படியே திரும்பிக் கதவணைக்கு வந்தாங்கன்னா? அதனால கூடவே நின்னேன். அஞ்சு மணி பஸ்ஸு வரல. அஞ்சரை பஸ்ஸும் வரல. நான் டீ வாங்கிக் குடுத்தேன், காசை அவங்க குடுத்துட்டாங்க. "நீங்க போங்க செழியன், ஏன் நிக்கறீங்க"ன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம் கூடுது. ஏன் என்னை அனுப்பறதுலயே குறியா இருக்காங்க? பஸ்ஸு வந்து, ஏறி, ஒக்காந்து, பஸ்ஸு திரும்பற வரைக்கும் பாத்துட்டுதான் வண்டியை எடுத்தேன். பொழுது சாஞ்சுடுச்சு.

ஊருக்குள்ள வந்தா தெருவுல ஒரு ஆம்பளை இல்ல. கோயில்ல ஒறுமி அடிக்கறாங்க. தைப்பூசம் சார். காவடி. கொறம்பு போட வேண்டியவனெல்லாம் மேடம் போவாங்க, போவாங்கன்னு கருவக் காட்டுல கொசுக்கடியில படுத்துக் கெடந்து பாத்துட்டு, காவடிக்கு நேரமாச்சுன்னு குளிக்கப் போயிட்டான். விரதம் இருந்தவனெல்லாம் அவங்கதான். கேட்டா, ஒருத்தன் போட்டிருப்பான்னு இன்னொருத்தன் நெனச்சானாம். இப்படிப்பட்ட ஊரு.

நான் கதவணைக்குப் போறேன், ஷட்டருக்கு அடியில தண்ணி கொதிச்சுக்கிட்டு வருது. எங்க அக்கா மட்டும் ஆத்துல நிக்குது. ஒத்தை ஆளு. கழியைத் தன் மேல சாச்சுப் புடிச்சுக்கிட்டு, கையால களிமண்ணை அள்ளி அள்ளி அடைக்குது. அடைக்கறது அப்படியே கரைஞ்சு போவுது. அது இருந்த எடத்துலேருந்து என்னைப் பாத்துச்சு. நான் எறங்குனேன் சார், சத்தியமா எறங்குனேன். ரெண்டு பேரும் கழியைப் புடிச்சோம். எனக்குக் கழியை எப்படி ஊணறதுன்னு தெரியல. நான் ஊணுனதெல்லாம் மெதந்துச்சு. கரை தாழ்வா இருக்கற எடத்துல தண்ணி ஏறி, பயிருக்குள்ள போற சத்தம் கேட்டுச்சு. சின்னச் சத்தம்தான். சலசலன்னு, நல்ல தண்ணி பாயற மாதிரியே.

நாலஞ்சு நாளுல பயிரு வெளுத்துடுச்சு. கதிரைப் பிதுக்குனா பாலு இல்ல. மத்தவங்க வயலு மேடு, அவங்களுக்கு வரப்போரம்தான் கருகல். எங்க அக்காவுக்கு மொத்தமும்.

அக்கா என்னைத் திட்டல சார். அதுல எனக்கு ஒரு ஆறுதல். ஆத்துல நின்னதுல தொண்டை கட்டிக்கிச்சு போல, அன்னையிலேருந்து என்கூட பேசறதில்ல. சோத்தைப் போட்டு மூடி வெச்சுடும். பக்கத்து வீட்டுல பேசற சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது. தொண்டைன்னா அப்படித்தான், நேரத்துக்கு நேரம் மாறும்.

இப்ப சொல்லுங்க, தப்பு யாரு மேல? பதினோரு மணிக்கு வந்தவங்க கதவணையை நாலரை மணி வரைக்கும் பாக்கணுமா? ஜீப்புல வந்திருந்தா நான் சந்தேகப்பட்டிருப்பனா? கோழியைத் தின்னிருந்தா? டிபார்ட்மெண்ட்டோட வந்து, போட்டோ எடுத்து, மாலையை வாங்கிட்டுப் போயிருந்தா எல்லாம் நேரத்துல முடிஞ்சிருக்கும். நேர்மையா இருக்கறேன்னு சொல்லி அடுத்தவன் வயலை அழிக்கறது என்ன நேர்மை?

இதுல கொடுமை என்னன்னா, அந்தம்மா விடல. போன் மேல போன். "செழியன், அந்த நண்டைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்"ங்கறாங்க. ஒரு நாளு, "நீங்க எதாவது சொல்லணும்னு நெனச்சா, உங்க பேரைப் போட மாட்டேன்"ங்கறாங்க. பாத்தீங்களா தந்திரத்தை? நான் "எல்லாம் சூப்பர் மேடம், ஷட்டரு தாயி மாதிரி ஊரைக் காப்பாத்துது"ன்னேன். நேத்துக் கூப்ட்டு, "நாளைக்குச் சாயந்தரம் ரிப்போர்ட்டை அனுப்பறேன். உங்க கதவணை நல்லா வேலை செய்யுதுன்னு எழுதிட்டா, அதுக்குத் திரும்ப ஒரு ரூபா வராது. பழுதுன்னு எழுத எனக்கு ஒரு ஆளு சொல்லணும். நல்லா யோசிங்க"ன்னாங்க. மிரட்டல் சார் இது. நான் யோசிக்கவே இல்ல, வெச்சுட்டேன்.

இருங்க, போன் அடிக்குது.

பாருங்க, பாருங்க. வசுதா மேடம். நான் சொன்னேன்ல? சார், ஒரு ஒதவி. நீங்க எடுத்து, செழியன் போனை விட்டுட்டு எங்கயோ போயிட்டான்னு சொல்லிடுங்க. உங்க குரலு அவங்களுக்குத் தெரியாது. புடிங்க. பச்சையைத் தள்ளுங்க.

ம்... சொல்லுங்க, சொல்லுங்க... என்ன சார், பஸ்ல பக்கத்துலதான் இருக்காருன்னு சொல்றீங்க? போயிட்டான்னு சொல்லச் சொன்னா... சார். சார், கொறம்பையெல்லாம் ஏன் சொல்றீங்க? அதை நான் உங்ககிட்ட பேச்சுத்தொணைக்குச் சொன்னது. குடுங்க போனை. குடுங்கங்கறேன்ல. தையல் மிஷின் ரிப்பேர் பாக்கற ஆளுன்னு நம்பி ஒரு மனுசன்கிட்ட மனசைத் தொறந்தா... என்னது? ஷட்டரு எறங்கலையா? யாரு சொன்னா எறங்கலைன்னு? சார், தெரியாததைச் சொல்லாதீங்க. எறங்கும். தரையில ஒக்காராது. ரெண்டுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு, நீங்க சொல்ற மாதிரி எழுதுனா காண்ட்ராக்டரு வந்து ஷட்டரு சங்கிலியை மட்டும் மாத்திட்டுப் போயிடுவான். அடித்தளமே சரியில்ல. ஐயோ, தப்பு தப்பா சொல்றீங்க, இங்க குடுங்க.

ஹலோ, மேடம். செழியன்தான். அவரு சொல்றதை எழுதாதீங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது, திருவாரூர்க்காரரு. சந்து ஷட்டருக்கு அடியில. இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும். அடியில கட்டுன சிமெண்ட்டு மேடும் பள்ளமுமா இருக்கு, ரப்பர் பட்டையும் இல்ல. ஆமா மேடம். கட்டுன நாள்லேருந்து. இல்ல, யாரும் வந்து கேக்கல. வீடு வீடால்லாம் இல்ல மேடம், அது நான் சும்மா சொன்னது. நாங்களா போடற கொறம்புதான் தாங்குது. வயலா? எங்க அக்காவோடது மேடம். ஆறு மா. போச்சு. அன்னைக்குத்தான், நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு. ஏத்தம் எட்டு மணிக்கு முழுசா வந்துடுச்சு.

வர்றீங்களா? அமாவாசை ஏத்தத்துக்கா? வாங்க. ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கறீங்களா, சரி மேடம். நேரா அக்கா வீட்டுக்கு வந்துடுங்க, அக்காவே எல்லாத்தையும் காட்டும். ஷட்டரு, சந்து, வயலு எல்லாம்.

என்ன மேடம்? கொறம்பை யாரு பிரிச்சாங்கன்னா? ஊரு மேடம். ஊருன்னா ஊருதான், எல்லாரும் சேந்து. யாரு ஐடியாவா? ஹலோ. மேடம்? ஹலோ... நீங்க பேசறது கேக்கல மேடம், ஒரே பஸ் எரைச்சல். வெச்சுடறேன்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? பஸ் நின்னு டிரைவரு டீ குடிக்கப் போயிட்டாரா? அது எனக்கும் தெரியுது. நீங்க என்ன கண்டக்டரா?

மறுபடி அடிக்கறாங்க.

தள்ளாதீங்க, தள்ளாதீங்க. உங்க கையை எடுங்க சார். நீங்க எடுத்தா மறுபடி எதையாவது தப்பாச் சொல்லுவீங்க. நானே எடுக்கறேன்.